இடித்த வீட்டில் முளைத்த மெக்சிகோ

பிரேசர் டவுனில் வீலர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் குறுக்குத் தெரு ஒன்றில், தகரத் தடுப்பு போட்ட மனை ஒன்று இருக்கிறது. அங்கே நின்ற பங்களாவின் முகப்பில் மரச் சட்டங்களை நெருக்கி அடித்த 'மங்கி டாப்' வேலைப்பாடு இருந்ததாம். கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய வீடுகளுக்கே உரிய அழகு அது. சட்டங்களைப் பழைய மரக்கடைக்காரர் விலை பேசிக் கொண்டுபோனார். ஓடு போயிற்று, ஜன்னல் போயிற்று, தேக்கு நிலைகள் போயின. சுண்ணாம்புக் காரையும் செங்கல் தூளும் கலந்த மேடு பள்ளம்தான் மிச்சம். தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால், அந்த மேடு பள்ளம் முழுக்க இடுப்பளவுக்கு ஒரே வெள்ளைப் பூ.

பார்த்தீனியம். பெங்களூரில் கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் காங்கிரஸ் செடி என்பார்கள். இதைப் பார்க்கவென்றே ஒருவன் தெருத் தெருவாக அலைவானா என்று காவலாளிக்குச் சந்தேகம். ராய்ச்சூர் பக்கத்துக்காரர், மனையின் மூலையில் தகரக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு இருக்கிறார். நான் எஞ்சினியரும் இல்லை, புரோக்கரும் இல்லை, செடி பார்க்க வந்தவன் என்றதும், பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, கதவைத் திறந்துவிட்டார்.

மழை விட்ட ஆவணிக் காலை. உள்ளே போய்க் குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது.

"இன்னா தம்பி, இந்த எழவெடுத்த செடியப் போயி போட்டா புடிக்கிற? ஒடம்பெல்லாம் அரிக்கும். மொதல்ல வெளிய வா."

"கை படாமத்தான் பாக்கறேன்மா."

"கை படாட்டி இன்னா? காத்து படும் இல்ல?"

அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வட ஆர்க்காட்டுத் தமிழ். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அவர் சொன்னதைத் தோல் மருத்துவர்களும் அப்படியே ஒப்புக்கொள்வார்கள். இந்தச் செடியைத் தொட வேண்டியதே இல்லை. காய்ந்த இலைத் தூளும் தண்டிலுள்ள நுண்ணிய ரோமமும் காற்றில் பறந்து வந்து படிந்தாலே போதும். கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில்தான் முதலில் தடிக்கும். உள்ளே இருப்பது பார்த்தெனின் என்ற கசப்புப் பொருள். ஒருவர் உடம்பு அதற்கு ஒருமுறை பழக்கப்பட்டுவிட்டால், பிறகு ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் தொல்லைதான். கொத்தனார் வேலை பார்த்த தன் தம்பிக்குப் புறங்கை யானைத் தோலாகத் தடித்துப்போனதையும், வேலையையே விட வேண்டி வந்ததையும் சுவருக்கு மேலிருந்தபடியே சொன்னார். புனேயில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் 1970களிலேயே எழுதத் தொடங்கிவிட்டன.

கையுறை மாட்டிக்கொண்டு ஒரு கிளையை வளைத்து லென்ஸில் பார்த்தேன். ஒரு பூ என்று தோன்றுவது நாலைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு தலை. அதில் நாற்பதுக்குக் குறையாத பூக்கள் அடைந்து கிடக்கின்றன. சூரியகாந்திக் குடும்பத்துக்கு உண்டான ஏற்பாடு இது. சாமந்தி, செண்டுமல்லி எல்லாம் இப்படித்தான். ஆனால் இதில் சிக்கனம் அதிகம். நடுவிலுள்ளவை மகரந்தம் கொடுப்பதோடு சரி, விதை பிடிக்காது. ஓரத்தில் சம இடைவெளி விட்டு ஐந்தே ஐந்து பூக்கள். ஒவ்வொன்றுக்கும் நகக்கண் அளவு கூட இல்லாத ஒரு வெள்ளை இதழ். அந்த ஐந்துதான் விதையாகும். தலைக்கு ஐந்து விதை என்றால் அற்பமாகத் தெரியும். தலைகளை எண்ண ஆரம்பித்தால் தெரியும் சங்கதி. நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடும். முளைத்த நாலு முதல் ஆறு வாரத்துக்குள் பூத்துவிடும். கொட்டகைக்குப் பக்கத்தில் தண்ணீர் சிந்தும் இடத்தில் மூன்று தலைமுறைச் செடிகள் ஒன்றாக நிற்பதைப் பார்த்தேன்: தரையோடு தரையாகப் படிந்த இளசு, பூத்துக் குலுங்குவது, காய்ந்து பழுப்பாகிப்போனது.

பார்த்தீனியம் பேரினம் சிறியது. மொத்தம் பதினாறு இனங்கள் இருக்கலாம், அவ்வளவும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நாம் பார்க்கும் பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள வெப்ப நாடுகளிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியது. அதன் உறவுக்காரர்கள் பலர் வறண்ட நிலத்தை விட்டு நகராதவர்கள். அவர்களில் பெயர் பெற்றது குவாயூலே. வடக்கு மெக்சிகோவிலும் டெக்சாஸின் ஓரத்திலும் சிவாவா பாலைவனத்தின் சுண்ணாம்புச் சரிவுகளில் வெள்ளி நிற இலையோடு நிற்கும் குட்டைப் புதர். அதன் பட்டையில் ரப்பர் இருக்கிறது. ரப்பர் மரத்தைக் கீறினால் பால் வடியும், குவாயூலேயில் வடியாது. செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் என்பதால் செடியையே அரைத்துத்தான் எடுக்க வேண்டும். 1910 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்த ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்தப் பாலைவனப் புதரிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் மலேயாவைப் பிடித்து ரப்பர் தோட்டங்களெல்லாம் கைவிட்டுப் போனதும், அமெரிக்க அரசு அவசர ரப்பர் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கிக் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் குவாயூலே பயிரிட்டது. ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே மான்சனார் முகாமில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்களில் சில விஞ்ஞானிகள் இருந்தார்கள். அடைபட்ட இடத்திலேயே, கிடைத்ததை வைத்துக்கொண்டு, அதே செடியில் நல்ல ரப்பர் எடுக்கும் வழிகளை ஆராய்ந்தார்கள். போர் முடிந்தது, செயற்கை ரப்பர் வந்தது, 1946இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். 2022இல் அமெரிக்காவின் இண்டிகார் பந்தயக் கார்கள் குவாயூலே ரப்பர் கலந்த டயரில் ஓடின. ஒரே பேரினத்தில் பிறந்து ஒன்று பந்தய டயராகிறது, இன்னொன்று கொத்தனாரின் கையைத் தடிக்க வைக்கிறது.

சூரியகாந்திக் குடும்பத்தில் பாலைவனத்துக்கென்றே வாழும் சிறு பேரினங்கள் இன்னும் உண்டு. அமெரிக்காவின் தென்மேற்கிலும் வடக்கு மெக்சிகோவிலும் பூக்கும் பெய்லியாவில் மொத்தமே மூன்று இனங்கள். வெள்ளைப் பஞ்சு ரோமம் போர்த்திய தண்டு, பளீரென்ற மஞ்சள் பூ. ரோமம் வெயிலைத் தடுக்கும். மேய வரும் ஆடுகளை உள்ளிருக்கும் நஞ்சு பார்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட நிலங்களில் வாழும் ஓராண்டுச் செடிகளுக்குப் பொதுவான ஒரு கணக்கு உண்டு: மழை வரும் வரை விதையாகக் கிட, வந்ததும் முளை, ஈரம் போவதற்குள் பூத்துக் காய்த்து முடி. தூறலை நம்பி முளைத்தால் சாவுதான். ஆகவே முளைப்பைத் தடுக்கும் பொருள் ஒன்றைத் தோலிலேயே பூசிக்கொள்ளும் விதைகள் உண்டு. நல்ல மழை பெய்து அது கழுவிப் போனால்தான் உள்ளிருப்பது கண் விழிக்கும். பார்த்தீனியத்தின் விதையுறையிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. நமக்கு அரிப்பு தரும் அதே பார்த்தெனின்தான் அங்கே காவல். பெங்களூரில் மே மாத மாம்பழ மழைக்கு ஒரு ஈடு, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இன்னொரு ஈடு என்று தலைமுறை தலைமுறையாக இது வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் பெங்களூர் பாலைவனம் இல்லையே. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே, ஆண்டுக்கு 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெறும் ஊர். வறண்ட நிலத்துச் செடிக்கு இங்கே என்ன வேலை? காலடியில் இருந்த மண்ணைக் கொஞ்சம் அள்ளிப் பார்த்தேன். மண் என்று சொல்லக்கூடாது. நூறு வருடச் சுண்ணாம்புக் காரை பொடிந்து வெளுத்த தூள், செங்கல் சில்லு, ஓட்டுத் துண்டு. மழை நின்று நிழல் விலகிய அரை மணியில் மேல்பரப்பு காய்ந்துவிட்டது. புல் பிடிக்காது, சருகு இல்லை, மண்புழு இல்லை. சுண்ணாம்பு கலந்த காரத்தன்மையுள்ள மண்ணில் பார்த்தீனியம் நன்றாக வரும். குவாயூலே நிற்பதும் சுண்ணாம்புச் சரிவில்தான். ஒரு பங்களாவை இடித்துப் பரப்பி, இரண்டு வருடம் சும்மா போட்டால், அந்த நாலாயிரம் சதுர அடி சின்னஞ்சிறு பாலைவனம். செடி இதைத் தேடி வரவில்லை. நாம் தயார் செய்து வைத்தோம், அதுபாட்டுக்குக் குடி வந்தது.

பிரேசர் டவுன் உருவானதே காலி இடத்தை நம்பித்தான். 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது கண்டோன்மென்டின் நெருக்கடியான சந்துகளில் சாவு மலிந்தது. காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்புகள் வேண்டும் என்று முடிவானது. அப்படி 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எழுந்தது இந்த ஊர். மைசூர் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் வைத்தார்கள். அகலத் தெரு, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி, முன்னும் பின்னும் தோட்டம். இப்போது அரசு ஆவணங்களிலும் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலும் இது புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் புலிகேசி நகர் என்று சொன்னால் ஒரு விநாடி யோசித்துவிட்டு, "பிரேசர் டவுனா?" என்கிறார். பிளேக்குக்குப் பயந்து விட்ட அந்த இடைவெளிதான் இன்று சதுர அடி விலையில் பேசப்படுகிறது. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாமல், பில்டரோடு ஒப்பந்தம் முடியாமல், வழக்கு நடக்கும் மனை என்று போர்டு மாட்டப்பட்டு, தெருவுக்கு ஒன்றாவது இப்படி வானம் பார்த்துக் கிடக்கிறது. பார்த்தீனியத்தை ஒழிக்கும் பொறுப்பு இடத்தை வைத்திருப்பவருடையது என்று கர்நாடகத்தில் 1975ஆம் ஆண்டிலேயே ஆணை வந்துவிட்டது. இடம் யாருடையது என்றே தீர்ப்பு வராதபோது ஆணையை எந்தக் கதவில் ஒட்டுவது?

கிளம்ப நினைத்தபோதுதான் அந்த வண்டைப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் இருக்கும். வெளிர் மஞ்சள் முதுகில் நீளவாக்கில் நெளிந்து ஓடும் பழுப்புக் கோடுகள். கேரட் இலை மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கும் இலையின் ஒரு விளிம்பில் உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டியபடி, உள்நோக்கித் தின்றுகொண்டே போனது. இலையின் அடியைத் திருப்பினால் மஞ்சள் முட்டைகள். கொழுந்தில் மஞ்சள் புழுக்கள் இரண்டு, நுனி மொட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு. பக்கத்துச் செடியில் இலையே இல்லை. நரம்பும் தண்டும் நாலைந்து பூவும்தான்.

இந்த வண்டும் மெக்சிகோக்காரர்தான். பெயர் சைகோகிராமா பைகலரேட்டா. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த இடம் இதே பெங்களூர். ஆஸ்திரேலியாவில் 1980இல் விட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு, ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1983இல் மெக்சிகோவிலிருந்து தருவித்து, நம்மூர்ப் பயிர்களைத் தின்னுமா என்று அடைத்து வைத்துச் சோதித்து, 1984இல் வெளியே விட்டது. கே.பி.ஜெயந்த் என்ற பூச்சியியலாளர் முன்னின்று செய்த வேலை. முதல் சில வருடம் வண்டு இருக்கிற இடமே தெரியவில்லை. பிறகு பெருகி, நகரத்தின் ஓரங்களில் ஏக்கர் கணக்கில் பார்த்தீனியத்தை மொட்டையடிக்கத் தொடங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம், 1990களின் தொடக்கம் வரை. அப்போதுதான் சூரியகாந்தி வயலில் அதைப் பார்த்தார்கள். பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே குடும்பம் ஆயிற்றே, இனி எண்ணெய் வித்துப் பயிர் என்ன ஆகும் என்று பத்திரிகைகள் அலறின. விசாரணைக் குழு, தடை, வாதப் பிரதிவாதம் எல்லாம் நடந்தது. ஜெயந்தும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது விஷயம் வேறாக இருந்தது. பக்கத்திலுள்ள பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலையில் படிகிறது; அந்த வாசனையை நம்பி வண்டு கடித்துப் பார்க்கிறது. மகரந்தம் இல்லாத இலை அதற்கு வேண்டாம். சூரியகாந்தி பிழைத்தது, வண்டும் பிழைத்தது.

பிழைத்த வண்டு பார்த்தீனியத்தை ஏன் ஒழிக்கவில்லை என்று கேட்கலாம். மழைக்காலம் முடிந்ததும் வண்டு மண்ணுக்குள் புதைந்து உறங்கப் போய்விடும். அடுத்த மழைக்குத்தான் எழும். அதற்குள் குழாய் கசியும் இடத்திலும் சாக்கடை ஓரத்திலும் செடி ஒரு சுற்று விதை போட்டுவிடும். போதாததற்கு, வண்டு உறங்கும் மண்ணை நாம் ஜேசிபி வைத்துப் புரட்டுகிறோம், மேலே சிமென்டைப் பூசுகிறோம். ஹெசரகட்டா வயலில் வேலை செய்யும் உபாயம் பிரேசர் டவுன் மனையில் பாதிதான் வேலை செய்யும்.

மனையை விட்டு வீலர் ரோட்டுக்கு வந்தால், நடைபாதைக் கல் இடுக்கில் அதே குடும்பத்தின் இன்னொரு மெக்சிகோ விருந்தாளி: வெட்டுக்காயப் பூண்டு. தாத்தாப் பூ என்றால் தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் தெரியும். நீண்ட காம்பைச் சுற்றி வளைத்துத் தலையைச் சுண்டி எறியாத பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. டிரைடாக்ஸ் என்ற இந்தப் பேரினத்தில் சுமார் முப்பது இனங்கள் இருந்தும் நம்மிடம் வந்தது இது ஒன்றுதான். வெளிர் மஞ்சள் இதழின் நுனியில் மூன்று பல் வெட்டு. விதைக்குப் பட்டுப் பாராசூட் உண்டு. ஊதினால் பறந்துபோய் எதிர்வீட்டு மாடியில் முளைக்கும். இதன் மேல் யாருக்கும் கோபம் இல்லை. அரிக்காது, ஆடு தின்னும், வெட்டுப்பட்டால் சாறு பிழியலாம். வந்தேறி என்ற வசவு எந்தச் செடிக்கு விழும், எதற்கு விழாது என்பதை அதன் ஊர் தீர்மானிப்பதில்லை போலிருக்கிறது.

பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தில் நடைமேடை முடியும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கலந்து நிற்கின்றன. தண்டவாள ஜல்லியை விடப் பாலைவனமான இடம் ஊருக்குள் கிடையாது. நண்பகலில் கல் கொதிக்கும், தண்ணீர் நிற்காது, ஆட்கள் மிதிப்பதில்லை. பார்த்தீனியம் இங்கே குட்டையாக, முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டது; மனையிலிருந்தது இடுப்பளவு. அதன் விதைக்குப் பாராசூட் இல்லை. இரண்டு மலட்டுப் பூக்கள் விதையோடு சேர்ந்தே உதிர்ந்து சிறு மிதவைகளாக உதவும். காற்றில் கொஞ்ச தூரம், வெள்ளத்தில் கொஞ்ச தூரம், அவ்வளவுதான் சொந்த முயற்சி. மிச்சப் பயணம் முழுவதும் மாட்டுக் குளம்பிலும் லாரிச் சக்கரத்திலும் சரக்கு ரயிலிலும் ஓசிச் சவாரி.

ரயில் என்றதும் கோதுமைக் கதை வந்துவிடும். கோல்ஸ் பார்க்கில் காலை நடையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்றவர்கள் கூட்டத்தில் எனக்கு அது கிடைத்தது. "அமெரிக்காக்காரன் பி.எல்.480னு புழுத்த கோதுமை அனுப்பிச்சானே, அதுல வந்தது சார்." அவர் அதைக் கண்ணால் பார்த்தவர் மாதிரியே சொன்னார். நாடு முழுக்க இதே கதைதான், கோபமும் இதேதான். ஆனால் புனேயில் இந்தச் செடியைத் தாவரவியலாளர் ஆர்.எஸ்.ராவ் கண்டது 1955இல்; மறு ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். இந்தியாவோடு பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 ஆகஸ்டில். 1951இலேயே கடனாக வந்த அமெரிக்கக் கோதுமையில் இருந்திருக்கலாமே என்று கேட்டால் மறுக்க முடியாது. ஆனால் வில்லியம் ராக்ஸ்பர்க் தொகுத்த, 1814இல் வெளியான கல்கத்தா தாவரவியல் தோட்டத்துப் பட்டியலிலேயே இதன் பெயர் இருக்கிறது. ஆக, கோதுமை மூட்டைக்கு முன்பே யாரோ ஆசையாகத் தொட்டியில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். மூட்டை அதைப் பரப்பியிருக்கும் என்ற அளவில் நம்பலாம். நான் இதைச் சொன்னபோது பெரியவருக்குப் பிடிக்கவில்லை. "அப்போ கல்கத்தாவுல யாருக்கும் அரிக்கலியா?" என்றார். நியாயமான கேள்விதான்.

பார்க்குக்குள் பார்த்தீனியம் அதிகம் இல்லை. மர நிழலும் ஈரப் புல்லும் அதற்கு ஒத்துவரவில்லை. வேலி ஓரத்தில் புல் போய் மண் தெரியும் திட்டுகளில் மட்டும் சில. ஆராய்ச்சி நிலையங்கள் சொல்லும் உபாயமும் இதை ஒட்டித்தான்: பிடுங்குவது மட்டும் போதாது, பிடுங்கிய இடத்தை வேறொரு செடி பிடித்துக்கொள்ள வேண்டும். தார்வாடு, பெங்களூர் பக்கத்து வேளாண் விஞ்ஞானிகள் அதற்காகச் சென்னா யூனிஃப்ளோரா என்ற தகரை இனத்தைத் தூவச் சொன்னார்கள். மண்ணை வெறுமையாக விடாதே என்பதுதான் சாரம். நம் தெருக்களில் நடப்பது நேர்மாறு. பூத்து நிற்கும்போது எந்திரம் வைத்து வெட்டுகிறார்கள். அடித்தண்டு இரண்டு வாரத்தில் கிளைத்து, வெட்டுக்கு எட்டாத தாழ்வில் பூத்து, முன்னைவிட அடர்ந்துவிடுகிறது. வெட்டும் பெண்களுக்கு முகத்தில் சுற்றிய துப்பட்டாதான் பாதுகாப்பு. பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்கினால் பாதிச் சிரமம் குறையும். ஆனால் பூக்காத செடி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பூத்தபின் வேறொரு கூத்தும் உண்டு. பெங்களூர் பல்கலைக்கழகத்தில் கஞ்சனும் ஜெயச்சந்திராவும் 1980இல் ஒரு விநோதத்தை எழுதினார்கள். பார்த்தீனியத்தின் மகரந்தம் கொத்துக் கொத்தாகப் பறந்துபோய் வேறு செடிகளின் பூவில், சூலக முடியில் விழுகிறது. விழுந்தால் அந்தச் செடி காய் பிடிப்பது குறைகிறது. வேரிலிருந்து நஞ்சைக் கசியவிட்டு அண்டை அயலை அடக்கும் செடிகள் உண்டு என்பது தெரியும். மகரந்தத்தாலேயே அடுத்த வீட்டுக் கருவைத் தடுப்பது அதுவரை கேள்விப்படாத செய்தி. அதே காலத்தில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பி.வி.சுப்பாராவ் குழுவினர் மனிதர்களின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூர்க்காரர்களின் தீராத தும்மலுக்கு இந்த மகரந்தமும் ஒரு காரணம் என்பதை நிறுவியவர்கள் அவர்கள். இந்த ஊரில் எல்லோரும் தும்முவார்கள். குளிர் என்பார்கள், தூசி என்பார்கள், வண்டிப் புகை என்பார்கள். தகரத் தடுப்புக்குள் பூத்து நிற்பதைச் சொல்பவர்கள் குறைவு.

மாஸ்க் ரோட்டுக்கு வரும் வழியில் ஒரு வீட்டு மாடிப்படி நெடுக எண்ணெய் டின்களில் ஜினியா வைத்திருந்தார்கள்: சிவப்பு, ஆரஞ்சு, கடும் இளஞ்சிவப்பு. அதுவும் சுமார் இருபது இனங்கள் மட்டுமே கொண்ட சிறு பேரினம், அதுவும் மெக்சிகோவையும் அமெரிக்கத் தென்மேற்கையும் சேர்ந்த வறள்நிலப் பூ. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2016 ஜனவரியில் மலர்ந்து படம் பிடிக்கப்பட்டது இந்த ஜினியாதான். வீட்டுக்கார அம்மா கீழ்ப்படி டின்னுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதே டின்னில், ஜினியாத் தண்டோடு ஒட்டிக்கொண்டு, ஒரு பார்த்தீனியக் கன்று. சொன்னேன். "ஐயோ, சாமந்தி மொளைக்குதுன்னு ஒரு வாரமா காப்பாத்தி வெச்சிருக்கேன்" என்றவர், கையை இழுத்துக்கொண்டு பிளாஸ்டிக் பையைத் தேடப் போனார்.

மாலை, பாட்டரி ரோடு பக்கம் இன்னொரு மனை. இங்கே வழக்கெல்லாம் தீர்ந்து, அடித்தளம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். ஜேசிபியின் பல், பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை மண்ணோடு வாரி ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பூ மேலே, காரைத் தூள் கீழே, நடுவில் எத்தனை வருட விதையோ. மண்ணுக்குள் புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேற்பார்வை பார்த்த இளைஞர் வாணியம்பாடிக்காரர். இரண்டு பேஸ்மென்ட், மேலே நாலு மாடி என்றார்.

"இந்த மண்ணை எங்கண்ணா கொட்டுவீங்க?"

"பகல்ல டிப்பர் உள்ள வர விடமாட்டாங்க சார். ராத்திரி பத்துக்கு மேலதான் லோடு. ஹொஸ்கோட்டைப் பக்கம் லேஅவுட்டுல பள்ளம் ரொப்பணும்னு கேட்டிருக்காங்க, அங்க பாதி போகும். மீதி, டிரைவருங்க எங்க எடம் பாக்கறாங்களோ அங்க."

"செடியைப் பிரிச்சு எடுத்துட்டு மண்ணை மட்டும் அனுப்ப முடியாதா?"

அவர் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்குத் தனியா ரேட்டு ஆகும் சார்" என்றார். பிறகு ஜேசிபி ஓட்டுநரைப் பார்த்து, இருட்டுவதற்குள் மூலையையும் முடித்துவிடச் சொல்லிக் கை காட்டினார்.